கசிவும் அறிவிப்பும்: மெய்நிகர் இயந்திரத்தைக் கண்டறியும் முறைகளின் வரலாறு

ஒரு நிரல் தான் ஓடுவது நிஜக் கணினியிலா, மெய்நிகர் இயந்திரத்திலா என்று அறியும் முறைகளின் வரலாற்றைப் பலரும் 2004 நவம்பரில் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா வெளியிட்ட 'ரெட் பில்' குறிப்பிலிருந்து தொடங்குகிறார்கள். இத்தகைய முறைகளை ஆழமாக ஆராய்ந்து வகைப்படுத்தியது, 2007இல் ஹாட்ஓஎஸ் கருத்தரங்கில் டால் கார்ஃபிங்கல், கீத் ஆடம்ஸ், ஆண்ட்ரூ வார்ஃபீல்ட், ஜேசன் ஃபிராங்க்ளின் ஆகியோர் முன்வைத்த கட்டுரை. மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கி நடத்தும் ஹைப்பர்வைசர்கள், மென்பொருள்கள் சரிவர ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. தம்மை மறைத்துக்கொள்வது அவற்றின் நோக்கமாக இருந்ததில்லை. நிஜ இயந்திரத்துக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்கும் தருக்கம், வளம், காலம் ஆகிய மூன்றிலும் வேறுபாடுகள் இருந்தே தீரும்; ஆகவே முழு மறைவு நடைமுறையில் இயலாது. இதுவே அவர்கள் வாதத்தின் சாரம்.

முடிவில் எனக்கு மறுப்பில்லை, வகைப்பாட்டில்தான் மறுப்பு. 'வேறுபாடு' என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் கொண்டுவந்தால், ஹைப்பர்வைசரால் மறைக்க முடியாமல் போனதும், அது வேண்டுமென்றே தெரிவித்ததும் ஒன்றாகிவிடுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. உள்ளே இயங்கும் நிரல் கேட்ட கேள்வி, விடை கிடைக்குமுன் ஹைப்பர்வைசரின் கையில் சிக்கியதா? சிக்கியிருந்தால், வந்த விடை அதன் தேர்வு. சிக்காமல் போயிருந்தால் அது கசிவு.

இந்த அளவுகோலோடு பின்னோக்கிப் போனால், ஐபிஎம் நிறுவனம் 1972இல் அறிவித்த விஎம்/370 என்ற மெய்நிகர் இயந்திர அமைப்புக்கு வந்து சேர்கிறோம். அதன் முறைமை நிரலாளர் கையேட்டில் ஓஎஸ்/விஎஸ்1 என்ற இயங்குதளத்தைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. விஎஸ்1 தொடங்கும்போது, செயலியின் அடையாளத்தைக் கேட்கும் எஸ்டிஐடிபி ஆணையை இடுகிறது. விடையின் பதிப்புக் குறியீடு 255 என்றிருந்தால், அதாவது அந்த பைட்டின் எட்டு பிட்டுகளும் 1 ஆக இருந்தால், தான் விஎம்/370க்குள் இருப்பதாக அது முடிவு செய்கிறது. பிறகு டயக்னோஸ் ஆணையால் இரண்டாவது கேள்வியைக் கேட்கிறது. அதற்கும் விடை வந்தால் இரண்டும் ஒத்துழைக்கத் தொடங்குகின்றன. நினைவகப் பக்கங்களை இரண்டும் தனித்தனியே மாற்றிக்கொண்டிருக்கும் இரட்டை வேலையை விஎஸ்1 விட்டுவிட முடிகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எஸ்டிஐடிபி சிறப்புரிமை ஆணை. மெய்நிகர் இயந்திரத்துக்குள் அதை இட்டால் விஎம்/370இன் கட்டுப்பாட்டு நிரல், அதாவது அதன் ஹைப்பர்வைசர், இடைமறித்துத் தானே விடை எழுதும். நிஜச் செயலியின் குறியீட்டை அப்படியே எழுதி மறைந்திருப்பது அதற்கு மிக எளிது. அப்படிச் செய்யாமல் 255 என்று எழுதியது. இதை 'தருக்க வேறுபாடு' என்று அழைப்பது, வாசலில் பெயர்ப்பலகை மாட்டியவரை ஒளியத் தெரியாதவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும். இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது என்பதைப் பொறுத்தவரை, 1970களின் நடுப்பகுதி என்று கொள்வதற்கு மேல் நான் துணிய மாட்டேன்.

ரெட் பில் இதற்கு நேரெதிர். எஸ்ஐடிடி ஆணை, குறுக்கீட்டு அட்டவணை இருக்கும் இடத்தை ஆறு பைட்டுகளில் தருகிறது: முதல் இரண்டில் அட்டவணையின் அளவு, அடுத்த நான்கில் முகவரி. ருட்கோவ்ஸ்கா பார்த்தது கடைசி பைட்டை மட்டும். அது 208ஐ விட மிகுந்தால் மெய்நிகர் இயந்திரம். அன்றைய விண்டோஸில் அது 128, லினக்ஸில் 192. மெய்நிகர் இயந்திர மென்பொருள்களான விஎம்வேரில் 255, விர்ச்சுவல் பிசியில் 232. எந்தச் சாதாரண நிரலும் இந்த ஆணையை இடலாம், இடைமறிப்பு நிகழாது. இன்டெல் பென்டியத்தில் இத்தகைய 17 ஆணைகள் இருப்பதை ராபினும் சிந்தியா இர்வைனும் 2000இலேயே பட்டியலிட்டிருந்தனர். ஆகவே இது ஐயமின்றிக் கசிவு.

அந்தக் குறிப்பிலேயே காலம் பற்றிய ஒரு தடயமும் இருக்கிறது. சக்கிட் என்ற ஊடுருவல் நிரல் விஎம்வேரில் ஏற மறுத்ததைச் 'சில ஆண்டுகளுக்கு முன்' கவனித்ததாகவும், காரணம் எஸ்ஐடிடி என்று பிறகு தெரிந்ததாகவும் ருட்கோவ்ஸ்கா எழுதுகிறார், ஆண்டைக் குறிக்கவில்லை. சக்கிட்டின் அடிப்படையை விளக்கிய கட்டுரை ஃபிராக் 58ஆம் இதழில், 2001 டிசம்பரில் வந்தது. நிரல் அதற்கு முன்பே கைமாறியிருக்கக் கூடும் என்பதால் இதை உறுதியான மேல் எல்லையாகக் கொள்ள இயலாது. ஆயினும் 2001ஐ ஒட்டித் தொடங்கி 2004க்கு முன் முடியும் காலம் என்பது பொருந்தி வருகிறது. கண்டறியும் நோக்கம் எதுவும் சக்கிட்டுக்கு இல்லை. அட்டவணையைத் தேடிப்போய்த் தவறான முகவரியில் முட்டிக்கொண்டது, அவ்வளவே. கசிவு முதலில் பழுதாகவே தென்பட்டது, கருவியானது பின்னர்தான்.

அறிவிப்பு மறைந்து கசிவு வந்தது என்றும் இதை வரிசைப்படுத்திவிட முடியாது. விஎம்வேர் தன் துணைக் கருவிகளுக்காக 22104ஆம் எண் வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. உரிய எண்ணோடு அந்த வாயிலைக் கேட்டால் ஹைப்பர்வைசர் இடைமறித்து விடையளிக்கும். கசிவும் அறிவிப்பும் ஒரே மென்பொருளில் அருகருகே இருந்தன.

அறிவிப்பு பொது வழக்கானது சிபியுஐடி ஆணையால். அதன் விடையில் ஒரு பிட், 31ஆம் எண்ணுள்ளது, ஹைப்பர்வைசருக்கென ஒதுக்கப்பட்டது. நிஜச் செயலியில் அது எப்போதும் 0. 2008 அக்டோபரில் விஎம்வேர் பொறியாளர்கள் லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்களிடம் இதற்கான பொது இடைமுகத்தைப் பரிந்துரைத்தனர். அதில் இடம்பெற்ற தகவல்களுள் ஒன்று, செயலியின் காலக் கணக்கியின் அதிர்வெண். உள்ளே இருக்கும் இயங்குதளம் தானே அளந்தால் பிழை நேரும் என்பதால் அதை ஹைப்பர்வைசரே சொல்லிவிடுகிறது. இன்டெல்லின் வன்பொருள் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸில் சிபியுஐடி தவறாமல் இடைமறிக்கப்படுகிறது. ஆகவே இந்த விடையும் தேர்வுதான்.

255க்கும் 31ஆம் பிட்டுக்கும் நேரடி மரபுத் தொடர்பு இருப்பதாகக் காட்டும் ஆவணம் என்னிடம் இல்லை. ஆனாலும் ஒற்றுமை மேலோட்டமானதன்று. இரண்டிலும் கேள்வி செயலியின் அடையாளத்தைப் பற்றியது. இரண்டிலும் ஹைப்பர்வைசர் இடைமறித்து விடை தருகிறது. இரண்டிலும் முதல் விடையைத் தொடர்ந்து விரிவான இரண்டாவது கேள்வி வருகிறது. இரண்டிலும் பயன், உள்ளிருக்கும் இயங்குதளம் வீண்வேலையைத் தவிர்ப்பது. ஒரே தேவை இருமுறை ஒரே தீர்வை ஈன்றது என்றாவது ஏற்றாக வேண்டும். மெய்நிகராக்கத்தைப் பொறுத்தவரை கண்டறிதல் அடிப்படையில் பகைச் செயல் என்ற எண்ணம் அதற்கு மேல் நிற்காது.

கார்ஃபிங்கல் குழுவினரின் வாதம் உறுதியாக நிற்கும் இடம் காலம். சிபியுஐடியின் விடையை ஹைப்பர்வைசர் மாற்றிச் சொல்லலாம். ஆனால் இடைமறிப்புக்கே நேரம் செலவாகிறது, அதை உள்ளிருந்து அளக்கலாம். பொபெக்கும் கோல்ட்பர்கும் 1974இல் வகுத்த இலக்கணமே கால வேறுபாட்டை விதிவிலக்காக ஒதுக்கிவைத்தது. 31ஆம் பிட்டை அணைக்க அமைப்பில் ஒரு சொல் போதும். இடைமறிப்பின் நேரத்தை முற்றாக மறைக்க இன்றுவரை செலவில்லாத வழி இல்லை. தீநிரல்களை ஆராய்வோர் முதலில் அறிவிப்பை அணைத்து, பிறகு கசிவை அளப்பதே சரியான வரிசை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கும் வகைப்பாடு அந்த வரிசையைக் காட்டுவதில்லை.