அட்டாளியில் கிடந்த அப்பாரு துப்பாக்கி

போன மாதம் நம் ஊர்ப் பழைய வீட்டில் போலீஸ் ஜீப் நின்றதைப் பார்த்துவிட்டுப் பலர் போன் செய்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். எட்டாம் வகுப்பில் என் பாடத்தைப் பொறுமையாகக் கேட்ட மாதிரி இதையும் படியுங்கள்.

ஓடு மாற்றுவதற்காக அட்டாளியைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், சணல் சாக்கில் சுற்றிய ஒரு நீளமான பொருள் கிடந்தது. பிரித்தால் துப்பாக்கி. எங்கள் அப்பாருடையது. அவர் மணியக்காரராக இருந்தவர். கடலைக்காட்டுக்குள் பன்றி இறங்கினால் இதை எடுத்துக்கொண்டு கிளம்புவாராம். சரஸ்வதி பூஜை அன்று கலப்பை, கடப்பாரை, அரிவாளோடு இதையும் வரிசையாகச் சாத்திச் சந்தனம் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாரு காலமான பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஐம்பது வருடம் அப்படியே கிடந்திருக்கிறது.

வீட்டில் உடனே நான்கு கட்சி ஆகிவிட்டது. "கூடத்துச் சுவரில் மாட்டலாம், அப்பாரு ஞாபகமாக இருக்கட்டும்" என்றான் தம்பி. பெங்களூரில் இருக்கும் அவன் மகன், "பெரியப்பா, இது திப்பு சுல்தான் காலத்துத் துப்பாக்கி, லட்சக்கணக்கில் போகும்" என்றான். சொல்லிக்கொண்டே அதைத் தோளில் வைத்து, குதிரையை இழுத்துப் பார்த்து, செல்பி எடுத்தான். "கிணற்றில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்" என்றார் ஒரு சித்தப்பா. அம்மாவுக்கு 86 வயது. "உங்கப்பாரு யாரையும் அதைத் தொட விடமாட்டாருங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையை நாங்கள் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

முதலில் திப்பு கதையை முடித்துவிடுகிறேன். நம் சேலம், நாமக்கல், சங்ககிரி பகுதிகள் திப்புவின் ஆட்சியில் இருந்தது உண்மைதான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாரமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்தான் தாமஸ் மன்றோ. ஆனால் அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் திரியால் பற்றவைப்பது ஒரு வகை, சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி விழுவது இன்னொரு வகை. எங்கள் துப்பாக்கியிலோ குதிரைக்குக் கீழே சின்ன முளை இருந்தது. அதன்மேல் 'கேப்' வைத்து அடிக்க வேண்டும். கேப் முறை 1800-க்குப் பிறகு வந்தது. ஆங்கிலேயப் படைகளுக்கே அது 1840-களை ஒட்டித்தான் பரவலாகக் கிடைத்தது. திப்பு இறந்தது 1799-ல். ஆகவே அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரீட முத்திரையோ கம்பெனி முத்திரையோ கூட இல்லை. நம் பக்கத்துக் கொல்லர் யாரோ செய்த நாட்டுத் துப்பாக்கிதான். நம் மண்ணுக்கு அது அதிசயமும் இல்லை. கஞ்சமலை இரும்புத்தாதுவை நம்பி 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலையே நடத்தினார்.

இந்தத் துப்பாக்கியைப் பார்த்ததும் எனக்கு ஒரு வெட்கம் வந்தது. 1857 புரட்சியை எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! என்பீல்டு துப்பாக்கி, கொழுப்புத் தடவிய தோட்டா, அதைப் பல்லால் கடிப்பது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஏன் கடிக்க வேண்டும் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. அது வாய்வழியாக மருந்து போடும் துப்பாக்கி. தோட்டா என்பது மருந்தும் குண்டும் வைத்த காகிதச் சுருள். முனையைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாய்க்குள் கொட்டி, குண்டைத் தள்ளி, கம்பியால் இடிக்க வேண்டும். எங்கள் துப்பாக்கிக்கும் அதே வேலைதான். குழாய்க்கு அடியில் அந்தக் கம்பி செருகியே இருந்தது. வேலை முடிந்து ஓய்வும் பெற்ற பிறகு பாடம் எனக்குப் புரிந்தது.

துப்பாக்கியைப் பிடுங்கிய கதையும் நம் பாடப் புத்தகத்தில் உண்டு. 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதோடு தெற்குச் சீமைப் பாளையங்களில் கோட்டைகளை இடித்து, மக்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டார்கள். நம் பக்கத்தில் 1805-ல் சங்ககிரியில் தீரன் சின்னமலையின் கதை முடிந்தது. 1857-க்குப் பிறகு பயம் இன்னும் கூடியது. லிட்டன் பிரபு காலத்தில் 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். அதே ஆண்டு வந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தைப் பின்னால் ரிப்பன் பிரபு எடுத்துவிட்டார். ஆயுதச் சட்டத்தை எடுக்கவில்லை. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலேயே இது பற்றி விவாதம் நடந்தது. 1930 ஜனவரியில் காந்தி வைத்த பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரி நீக்கம் ஒன்று, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இன்னொன்று. பலருக்கு இது தெரியாது.

ஆனால் அவர் எதைக் கையில் எடுத்தார்? உப்பை. நம் சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நம் நாமக்கல் கவிஞர். வெறுங்கையோடு போன கூட்டம் அது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு 1878 சட்டத்தை நீக்கி 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் கொண்டுவந்தோம். தோல் நிறம் பார்ப்பது போனது. என்னிடம் படித்து இன்று வக்கீலாக இருக்கும் பிள்ளையிடம் கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

லைசென்ஸ் என்பது ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. டிரங்குப் பெட்டியில் அப்பாருவின் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் கிடைத்தது. அது அவரோடு முடிந்துவிட்டது. வாரிசு விரும்பினால் புதிதாக மனுப் போட வேண்டும். இல்லையென்றால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத, வழக்கொழிந்த பழைய ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது என்று 45-ஆம் பிரிவு சொல்கிறது. 2020-ல் வந்த விதித் திருத்தப்படி, பழம்பொருள் வகைத் துப்பாக்கியை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம், எடுத்துச் செல்லவோ பயன்படுத்தவோ வேண்டும். தம்பி இதைக் கேட்டதும், "பாத்தியா, வெச்சுக்கலாம்" என்றான். ஆனால் நம் துப்பாக்கி எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டியது நாம் இல்லை, அதிகாரிகள். நாமாகவே தீர்மானித்துத் தப்பாகிவிட்டால் சிறைத் தண்டனை வரைக்கும் போகும். குடகு நாட்டில் கொடவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு. நமக்கு அப்படி எதுவும் கிடையாது.

நான் எழுத்தில் தகவல் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர்களே ஜீப்பில் வந்தார்கள். ஆயுதங்களைப் பார்க்கத் தெரிந்த ஒரு போலீஸ்காரர் குழாய் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்து, ஒரு மெல்லிய குச்சியை மெதுவாக உள்ளே விட்டார். அது நின்ற இடத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழாயின் மேல் வைத்து அளந்தார். முழுவதும் இறங்கவில்லை. நான்கு விரல் அளவு குறைந்தது.

"சார், மருந்து உள்ளேயே இருக்கு" என்றார்.

அப்பாரு கடைசியாக இடித்து வைத்த மருந்தும் ரவையும் அப்படியே இருந்திருக்கிறது. வெடியுப்பு, கரி, கந்தகம். ஈரம் படாமல் இருந்தால் கரிமருந்து காலத்தால் கெடாது என்றார் அவர். தம்பி மகன் குதிரையை இழுத்து விளையாடியது என் கண் முன்னால் வந்தது. முளையில் கேப் இல்லாததால் பிள்ளை பிழைத்தான். பூஜையன்று கற்பூரத் தட்டை அதன் பக்கத்திலேயே சுற்றியிருக்கிறோம். அம்மா சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு ரசீது வாங்கிக்கொண்டேன். செயலிழக்கச் செய்தபின் தகுதி இருந்தால் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்று மனுவில் ஒரு வரி சேர்த்தேன். நடக்குமோ நடக்காதோ. தம்பிக்கு இன்னும் மனசு ஆறவில்லை, போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அவன் வருத்தம் நியாயம்தான். அப்பாருவின் கை பட்ட பொருள் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த லைசென்ஸ் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவனுக்கே கொடுத்திருக்கிறேன்.

கொல்லிமலை, பச்சைமலை, ஏற்காடு அடிவாரத்தில் உறவுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பரணிலும் ஒன்று கிடக்கலாம். கிணற்றில் போடாதீர்கள், ஆன்லைனில் விற்கப் பார்க்காதீர்கள், நோண்டாதீர்கள். மருந்து இருக்கிறது என்றே நினைத்து, பிள்ளைகளை விலக்கிவிட்டு, வக்கீலைக் கேட்டு, போலீசுக்குத் தகவல் கொடுங்கள். போட்டோவும் கதையும் மட்டும் எனக்கு அனுப்புங்கள். எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு, உங்கள் வாத்தியார்.