கரிய மணலும் செயற்கைப் பல்லும்

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? உணவின் சுவையும், முகத்தின் அமைப்பும், நாலு பேர் முன்னிலையில் வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் அதனோடு போய்விடுகின்றன. வெற்றிலைத் தட்டை நீட்டி விருந்தினரை வரவேற்கும் கிழக்கிலங்கையில், கல்முனை, சம்மாந்துறை, சொறிக்கல்முனை முதலிய ஊர்களின் முதியோர் இவ்விழப்பை நன்கு அறிவர். போன பல்லுக்கு ஈடாக மற்றொன்றைத் தாடையெலும்பிலேயே ஊன்றிவிட வேண்டுமென்ற ஆசை மனிதனுக்கு நெடுங்காலமாக உண்டு. எலும்பைத் தொட்டு நிற்கும் மிக மெல்லிய மேற்பரப்பின் இயல்பை அறிந்த பின்னரே அவ்வாசை கைகூடிற்று.

மத்திய அமெரிக்காவின் ஒந்துராஸ் நாட்டில் 1931 ஆம் ஆண்டில் மாயர் காலத்துத் தாடையெலும்பு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏறக்குறைய கி. பி. 600 ஐச் சேர்ந்த அவ்வெலும்பில், முன்பற்கள் இருந்த இடத்தில் சிப்பியோட்டுத் துண்டுகள் மூன்று செதுக்கிப் பொருத்தப்பட்டிருந்தன. 1970 இல் கதிர்ப்படம் எடுத்து நோக்கியபோது, அவற்றுள் இரண்டைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கக் கண்டனர். பிற்காலத்தவர் பொன்னையும் பிளாற்றினத்தையும் ஊன்றிப் பார்த்தனர். ஆனால் உடல் அவற்றை அயலானாகவே கருதியது. உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே நார்த்தசை வளர்ந்தது. ஊன்றிய பல் ஆடத் தொடங்கியது.

இக்குறையைத் தீர்த்த உலோகம் கரிய மணலில் மறைந்து கிடந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில், வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் 1791 இல் ஓர் ஓடைக்கரையின் கருமணலை ஆராய்ந்து, அதில் புதிய மூலகம் ஒன்று இருப்பதைக் கண்டார். 1795 இல் ஜெர்மன் அறிஞர் கிளப்ரோத் அதற்குத் தைத்தேனியம் எனப் பெயரிட்டார். கல்முனைக்கு வடக்கே, திருகோணமலையையும் கடந்து சென்றால் வரும் புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலும் இதே உலோகத்தின் தாதுவாகும். அத்தாதுவிலிருந்து தூய உலோகத்தைப் பேரளவில் பிரித்தெடுக்கும் வழியை 1940 அளவில் வகுத்தளித்தவர் லக்சம்பர்க் நாட்டவரான குரோல்.

சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் பிரோனமார்க், 1952 இல் முயலின் காலெலும்பில் குருதியோட்டத்தை நோக்குவதற்காகத் தைத்தேனியத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது, எலும்பு அதனை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. எதிர்பாராத அந்நிகழ்ச்சியின் பயனை அவர் உணர்ந்தார். 1965 இல் பல்லிழந்த ஒருவரின் கீழ்த்தாடையில் தைத்தேனியத் திருகாணிகளைப் பொருத்தினார். அம்மனிதர் 2006 இல் இறக்கும்வரை அவை பயன்பட்டன.

தைத்தேனியம் காற்றுப்பட்டவுடன், தன்மீது மில்லிமீற்றரின் இலட்சத்திலொரு பங்களவான ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. எலும்பு தொடுவது இப்படலத்தையே. முதலில் குருதியிலுள்ள புரதங்கள் அதில் படிகின்றன. பின்னர் எலும்பாக்கும் கலங்கள் வந்து குடியேறுகின்றன. எனினும் எலும்பு இறுகுவதற்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருக்க வேண்டியிருந்தது. இக்காலத்தைக் குறைப்பது எப்படி?

எலும்பின் கனிப்பொருள் கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த அபற்றைற்று என்பதாகும். அதையே உலோகத்தின்மீது பூசினால், எலும்பு தன் இனமென்று எண்ணி விரைவில் ஒட்டுமல்லவா? 1980களில் இம்முறை பரவிற்று. பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள சுவாலையில் அபற்றைற்றுத் தூளைத் தூவி, மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்களவு தடிப்பில் பூசினர். எலும்பு விரைந்து ஒட்டியது. ஆனால், நாளடைவில் சில பூச்சுகள் கரைந்தன; சில உலோகத்திலிருந்து உரிந்தன. எலும்பு பூச்சைப் பற்றியிருக்க, பூச்சு உலோகத்தைக் கைவிட்டது.

1991 இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விரு வழிகளையும் பன்றிகளில் ஒப்பிட்டது. பூச்சிட்ட திருகாணியின் மேற்பரப்பில் 60 முதல் 70 வீதம் எலும்பு பற்றியிருந்தது. மணல்வீச்சாலும் அமிலத்தாலும் சொரசொரப்பாக்கப்பட்ட வெறும் தைத்தேனியத்தில் 50 முதல் 60 வீதம் பற்றியிருந்தது. வேறுபாடு சிறிது, சொரசொரப்பான உலோகத்தில் உரிந்துபோக எதுவுமில்லை. 1998 இல் இவ்வகைத் திருகாணிகள் பயன்பாட்டுக்கு வந்தபின், தகுந்த நோயாளருக்குக் காத்திருக்கும் காலம் ஆறு வாரமாகக் குறைந்தது. பூச்சு ஆராய்ச்சியும் நிற்கவில்லை. மேலும் மெல்லிய படலங்களை அமைக்க அறிஞர் முயன்று வருகின்றனர்.

எலும்புக் கலத்துக்குப் பிடித்த சொரசொரப்பு கிருமிக்கும் பிடிக்கும். ஈறு நோயுற்று அம்மேற்பரப்பு வெளிப்படுமாயின், கிருமிகள் அங்கே குடிகொண்டு எலும்பை அரிக்கும். ஈறு நோயின் போக்கை உலகம் அறிந்ததில் இலங்கைக்குப் பெரும் பங்குண்டு. நோர்வே அறிஞர் ஹரால்ட் லோவும் துணைவரும், பல் மருத்துவம் எட்டாத தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970 முதல் 15 ஆண்டுகள் ஆராய்ந்தனர். அவர்களுள் 8 வீதத்தினருக்கு நோய் விரைந்து பரவியது. 81 வீதத்தினருக்கு மிதமாகப் பரவியது. 11 வீதத்தினருக்கு ஈற்றழற்சிக்கு அப்பால் செல்லவில்லை. உலகப் பல் மருத்துவ மாணவர் கற்கும் பாடம் அத்தொழிலாளரின் வாயிலிருந்து பெறப்பட்டது.

புல்மோட்டை மணலை எடுக்க 1957 இல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அம்மணல் பெரும்பாலும் தாதுவாகவே கப்பலேறி வந்திருக்கிறது. உலகெங்கும் இத்தாதுவின் பெரும்பகுதி வெண்சாயமாகிறது, சிறுபகுதியே உலோகமாகிறது. அயலிலுள்ள கேரளத்தின் சவறாவில், கடல்மணலிலிருந்து தைத்தேனிய உலோகத்தை ஆக்கும் ஆலை 2011 இல் தொடங்கப்பட்டது. கரையோரம் தாதுவையும் மலைநாடு அறிவையும் அளித்திருக்க, ஊன்றும் பல்லோ எளியோர் கைக்கெட்டாத விலையிலேயே கடல் கடந்து வருகிறது. மணலை உலோகமாக்கும் தொழிலும், உலோகத்தை எலும்பு ஏற்கச் செய்யும் கல்வியும் இந்நாட்டில் ஒருங்கே வளருமாயின், அவ்விலை குறைவதற்கு வழி பிறக்கும். அதுவரை, உள்ள பல்லை நாள்தோறும் துலக்கிக் காப்பதே செலவில்லாத சிகிச்சையாகும்.