ஸ்திரீபார்ட் தந்த கண்ணீர்

'பாசமலர்' படத்தின் கடைசிக் காட்சியில், கண்ணொளி இழந்த அண்ணன் தன் தங்கையின் கரத்தைப் பற்றிக்கொள்கிற அந்தச் சில நிமிஷங்களில், கொட்டகையிலிருந்த ஸ்திரீகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதையும், ஆடவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியதையும் 1961-இல் நேரில் கண்டவர்களுள் நானும் ஒருவன். அந்தக் கண்ணீரின் பூர்வீகம் ஸ்டூடியோவில் இல்லை, மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனிகளில் இருக்கிறது என்பது வெகுகாலம் கழித்தே எனக்குப் புலப்பட்டது.

தோன்றியபடி வசனத்தை நீட்டியும், மேடையிலேயே ஒருவரையொருவர் வாதில் மடக்க முயன்றும் நாடகத்தின் கட்டுக்கோப்பைக் குலைத்துவந்த பெரிய நடிகர்களோடு போராடிச் சலித்த சங்கரதாஸ் சுவாமிகள், எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் மனனம் செய்யக்கூடிய சிறுவர்களைத் திரட்டி, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். 'அபிமன்யு சுந்தரி'யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததாக அவர் சீடர்கள் சொல்வார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தாம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி. யு. சின்னப்பாவும் எம். ஜி. ஆரும் வளர்ந்தார்கள்.

இந்தச் சபைகளில் சீதையும் தமயந்தியும் சிறுவர்களே. ஸ்திரீபார்ட் போடுகிற பையன் புடைவை உடுத்தினால் மட்டும் போதாது. உட்காரும்போது கொசுவத்தை ஒதுக்குவதையும், அழும்போது முந்தானையின் நுனியை விரல்களில் சுற்றிக்கொள்வதையும், எதிரே நிற்பவரைப் பாராமலே அவர் சொல்லுக்குப் பதறுவதையும், அவன் தன் தாயிடமும் அத்தையிடமும் கண்டதைக்கொண்டு அப்பியாசம் செய்தாக வேண்டும். மகரக்கட்டு வந்து சாரீரம் உடைந்துவிட்டாலோ, நேற்றுவரை கதாநாயகியாக இருந்தவன் கம்பெனிக்குப் பாரமாகிப்போவான். கொடுமைதான்; ஆயினும் பிறர் துக்கத்தைத் தன் உடம்பில் ஏற்றுக்கொள்ள அதற்கு நிகரான பாடசாலை நம் நாட்டில் வேறொன்று இருந்ததாக நான் நினைக்கவில்லை.

'பாசமலர்' அண்ணனாக நடித்தவர், 1928-இல் பிறந்த வி. சி. கணேசன். அவர் சிறு பிராயத்திலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்து, அங்கே முதலில் ஏற்றது சீதை வேஷம். பரதனும் இந்திரஜித்தும் அதற்குப் பிறகு வந்தவர்கள். அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்து, பெரியார் வாயால் 'சிவாஜி' என்ற பெயரைப் பெற்று, 1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'யில் அவர் திரையில் தோன்றியபோது, ஜனங்கள் கண்டது புது முகமாயினும் பழுத்த பயிற்சியை.

அவர் நடிப்பை மிகை என்று இகழ்கிறவர்கள் உண்டு. சில படங்களில் அது மெய்தான். 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் முழங்கிய குரலை வீட்டு வராந்தாவில் நிற்கும் பாத்திரத்துக்கும் அவர் கொடுத்துவிடுவதுண்டு, அதை நானும் ரசிப்பதில்லை. ஆனால் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கியாஸ் விளக்கின் வெளிச்சத்தில், கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் துக்கம் எட்டவேண்டும் என்று வளர்ந்த கலை அது; காமிரா அருகில் வந்து நிற்கிறது என்பதற்காக ஒரே நாளில் அது குரலைத் தாழ்த்திக்கொண்டுவிடுமா? எதிரே சாவித்திரி போன்ற ஒரு நடிகை இமைகளை மட்டும் அசைத்து நிற்கையில், அவரும் அடங்கிப்போவதைப் பல படங்களில் பார்க்கலாம்.

'பாசமலர்' மறுபடி எங்கேனும் திரையிடப்பட்டால், முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அவர் விரல்களைக் கவனியுங்கள்.