கோப்பியும் இளைப்பாறும் காலமும்

இளைப்பாறும் வயதை நெருங்குகின்ற ஒருவர் தம் சேமிப்பை எந்நிலையில் வைத்திருத்தல் வேண்டும் என்ற கேள்விக்குக் கண்டிச் சீமையின் வரலாற்றிலே ஒரு பழைய வழக்கு உண்டு. அதனையே நேயர்களுக்கு இன்று கூற விழைகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைநாட்டின் செல்வம் கோப்பி. 1847ஆம் ஆண்டளவில் அதன் விலை வீழ்ந்து பலர் நொடித்தனர். பின்னர் விலை ஏறிற்று. ஏறியதும் அச்சம் மறைந்தது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தபின் ஊக்கம் இன்னும் பெருகிற்று. ஈட்டியதை மீண்டும் கோப்பிக் காணியிலேயே இட்டு, முதுமையிலே தோட்டத்தை விற்றுத் தாய்நாடு திரும்புவதே துரைமார் பலரின் எண்ணம். தோட்டமே அவர்களுக்கு உபகாரச் சம்பளம்.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. அதுவே இலைத்துரு நோய். ஆயினும் எழுபதுகளில் விலை உயர்ந்து நின்றமையால், விளைவு குறைந்ததைப் பலர் பொருட்படுத்தவில்லை. நோய் வெளிப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழிந்த 1878இலேதான் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கர் என்னும் உச்சத்தை எட்டியது! இலாபம் கண்ணை மறைக்கும் விதம் இதுதான் போலும்.

பின்னர் விலையும் சரிந்தது. 1884 மே 3ஆம் நாள் ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. அதன் நாணயத்தாள்களுக்கு ஆள்பதி ஆதர் கோர்டன் அரசாங்கத்தின் உறுதியை அளித்தார். வைப்புப் பணத்துக்கு அவ்வுறுதி இல்லை. முப்பது வயதுத் துரை புதிதாகத் தொடங்கலாம். ஐம்பத்தைந்து வயதினருக்கு எஞ்சிய காலம் ஏது? சம்பளம் நிலுவையில் நின்ற நம் தொழிலாளரின் துன்பமோ தனியாகப் பேசத்தக்கது.

பிழைத்தவர் யார்? கோப்பி பலன் தந்தபோதே அதன் நிரைகளுக்கிடையில் தேயிலையை நட்டவர்கள். தேயிலை கொழுந்து தரச் சில ஆண்டுகள் செல்லும். ஆதலால் நெருக்கடி வந்தபின் நடுவது காலங்கடந்த செயல். சிங்கோனாவை மட்டும் நம்பி ஓடியவர்களும் தப்பவில்லை. எண்பதுகளின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாகவே, அதன் விலையும் படுத்துவிட்டது. ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு முழுவதையும் மாற்றுவதை எச்சரிக்கை என்று நான் கொள்ளேன்.

வங்கியில் நிலையான வைப்பாக இட்டுவிட்டால் போதாதா எனச் சிலர் வினவுவர். 2022 செத்தெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அணுகியது. தொகை குறையவில்லை, அதனால் வாங்கக்கூடிய அரிசி குறைந்தது. 1958இல் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதி அரசாங்கக் கடன் முறிகளில் உள்ளது. அம்முறிகளின் தவணையும் வட்டியும் 2023இல் மாற்றியமைக்கப்பட்டன. எனவே இளைப்பாறுவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, அண்மைத் தேவைக்குரிய பணத்தை எளிதில் எடுக்கத்தக்க வைப்பிலும், எஞ்சியதில் ஒரு பங்கை விலைவாசியோடு வளரக்கூடிய காணியிலோ பங்குகளிலோ வைத்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஆபத்தைக் குறைத்து வருதல் நலம்.

1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் அத்தோட்டத்தின் உரிமையாளர் அல்லர், சம்பளத்துக்கு உழைத்தவர். 1892இல் வேலையிலிருந்து விலகுமாறு பணிக்கப்பட்டும் அவ்விடத்தை விட்டகல மறுத்த அவர், அவ்வாண்டிலேயே தமது ஐம்பத்தேழாம் வயதில் அங்கு காலமானார். அவருடைய கல்லறை கண்டி மகையாவை மயானத்தில் இருக்கின்றது.