சோழிகளில் நகர்ந்த சந்திரன்

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 22 வருஷம் பஞ்சாங்கத்துக்குப் புரூஃப் பார்த்தேன். ஆவணியில் கையெழுத்துப் பிரதி வரும். கார்த்திகைக்குள் வருஷம் முழுவதும் ஈய எழுத்தில் ஏறியாக வேண்டும். கம்பாசிட்டர் உரக்கப் படிப்பார்: "பஞ்சமி, நாழிகை பதினாலு, விநாடி இருபத்தேழு." நான் பென்சிலோடு வரியில் போவேன். வானத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

ஒரே ஒரு சூத்திரம் மட்டும் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிக்கொடுத்திருந்தார். முதல் நாள் திதி முடியும் நாழிகையையும் மறுநாள் திதி முடியும் நாழிகையையும் ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று வைத்துக் கழித்துப் பார். ஒரு திதியின் நீளம் 54 நாழிகைக்குக் குறையக் கூடாது, 65-ஐத் தாண்டக் கூடாது. ஒரு வருஷம் அவசரத்தில் அதைச் செய்யத் தவறினேன். முதல் நாள் சதுர்த்தி 15 நாழிகைக்கு முடிகிறது. மறுநாள் பஞ்சமி 14-க்கு முடிய வேண்டும். 41 என்று அச்சாகிவிட்டது. கழித்திருந்தால் 59-க்குப் பதில் 86 வந்து கண்ணைக் குத்தியிருக்கும். மூன்று மாதம் கழித்துப் பெரியவர் ஒருவர் பஞ்சாங்கத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அப்பாவின் சிராத்தத்தை ஒரு நாள் தள்ளிச் செய்துவிட்டதாகச் சொன்னார். சண்டை போடவில்லை. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஒரு திதி ஏன் 54-க்கும் 65-க்கும் நடுவில் இப்படி நீண்டு சுருங்குகிறது என்று அன்றுதான் கேட்க ஆரம்பித்தேன்.

சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அமாவாசைக்கு அமாவாசை 29½ நாள். அதை முப்பதாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 59 நாழிகை சொச்சம் வர வேண்டும். ஆனால் சந்திரன் ஒரே சீராக நடப்பதில்லை. பூமிக்கு அருகே, ஏறக்குறைய 3,63,000 கிலோமீட்டரில் வரும்போது ஒரு நாளில் 15 பாகை ஓடுகிறது. 4,05,000 கிலோமீட்டருக்கு விலகிப் போனால் 12 பாகை நகர்வதே பாடு. தூரத்திலிருந்து கிட்டே வந்து மறுபடி அதே தூரத்துக்குப் போய்ச் சேர 27½ நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

இந்தக் கொஞ்சத்தில்தான் பழைய பஞ்சாங்கக்காரர்களின் வாக்கிய கணிதத்தின் சூட்சுமம் இருக்கிறது. அப்படி ஒன்பது சுற்று முடிய 248 நாள். பிசகு சுமார் 13 நிமிடம். ஆகவே 248 நாளுக்குச் சந்திரன் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்தால் போதும், 249-வது நாளில் பழைய நடையே திரும்ப ஆரம்பிக்கும். அந்த 13 நிமிடம் சேர்ந்துகொண்டே போகாதா? போகும். அதற்காக 110 சுற்றுக்கு 3031 நாள் என்று இன்னொரு பெரிய அளவை வைத்தார்கள். அதில் பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தொலைநோக்கி இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாகக் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைப் பிடித்திருக்க முடியும்.

248 இடங்களையும் எண்ணாக எழுதாமல் சொற்றொடராக, அதாவது வாக்கியமாகக் கட்டினார்கள். அவற்றை வரருசி செய்ததாக மரபு. கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்க்கும் ஓர் எண் உண்டு. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'தேவேந்திர' என்றால் 8, 4, 2, திருப்பினால் 248. 'காலாநில' என்றால் 1, 3, 0, 3; திருப்பினால் 3031. ஆனால் நம் எழுத்தில் இந்தக் கணக்கு நிற்காது. நான்கு 'க' ஒலிகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை தனித்தனி எண். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'க'. அதனால் கிரந்தத்தில் எழுதினார்கள், அல்லது எழுதாமல் வாயிலேயே வைத்துக்கொண்டார்கள். புரூஃப் பார்க்கிறவனுக்கு இதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அங்கே ஓர் எழுத்து பிசகினால் சந்திரனே இடம் மாறிவிடும்.

ஓய்வு பெற்றபின் மகனோடு புதுச்சேரிக்கு வந்தேன். இந்தக் கதையின் முக்கியமான மனிதர்கள் இருவர் இதே ஊரில் உட்கார்ந்து எழுதியவர்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலாமவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீ. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-ல் கப்பலேறினார். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் இறங்க முடியவில்லை. கடப்பு நடந்தபோது ஆடும் கப்பலில் இருந்தார். எட்டு வருஷம் இந்தக் கடல்களிலேயே காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவியோடு தயாராக நின்றார். அன்று காலை மேகம் மூடிவிட்டது. அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த மேகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியம் அவர் இங்கே கற்றுக்கொண்டது. தமிழ்க் கணிதர் முறையில் 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைக் கணித்துப் பார்த்ததில் 41 செகண்டு குறைந்தது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த சந்திர அட்டவணையான தோபியாஸ் மேயருடையது 68 செகண்டு கூடியிருந்தது. இதை அவரே நேர்மையாகப் பதிவு செய்தார்.

இரண்டாமவர் ஜான் வாரன். அயர்லாந்து வழி வந்த பிரெஞ்சுக் குடும்பம். ஆங்கிலேயப் படையில் அதிகாரி. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்பிலும் சில ஆண்டுகள் இருந்தவர். தென்னிந்தியக் காலக் கணக்கைப் பற்றி அவர் எழுதிய 'கால சங்கலிதம்' 1825-ல் சென்னையில் அச்சானது. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அதில் வருகிறார். பெயரை வாரன் எழுதியிருக்கிற விதம் குழப்பமானது. சாமிநாதன் சேஷய்யா என்று நான் படித்துக்கொள்கிறேன். அவர் தரையில் உட்கார்ந்து, சோழிகளை எண்களாகப் பரப்பினார். மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளைக் கூட்டினார், எடுத்தார், நகர்த்தினார். பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்துக்கு அப்படி அவர் கணித்ததில் தொடக்கத்துக்குப் பிசகு 4 நிமிடம், நடுவுக்கு 23, முடிவுக்கு 52.

அந்த மனிதருக்குச் சாத்திரத்தின் தத்துவம் ஒன்றும் தெரியாது, ஞாபகசக்தி மட்டும்தான் என்று வாரன் எழுதிவிட்டார். இதை நான் ஏற்க மாட்டேன். 248 வாக்கியங்களையும், சூரியனுக்கும் ராகுவுக்கும் உரிய கணக்குகளையும் எழுத்துப் பிசகாமல் வைத்திருந்து, எந்த நாளில் எதைக் கூட்ட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று அறிந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ராகு என்று கதையில் பாம்பைச் சொன்னாலும் சோழியில் அது ஒரு புள்ளிதான்: 5 பாகை சாய்ந்த சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இடம். பௌர்ணமிதோறும் கிரகணம் வராததன் காரணம் அந்தச் சாய்வு. ராகு எங்கே என்று கணக்கிடாமல் அவர் கிரகணத்துக்கு நேரம் சொல்லியிருக்க முடியாது.

ஆனாலும் 52 நிமிடம் 52 நிமிடம்தான். முன்னோர் தந்த எண்களை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தும் வேலை எங்கோ ஒரு தலைமுறையில் நின்றுபோயிருந்தது. மூலப்பிரதியிலேயே பிழை இருந்தால் எவ்வளவு கவனமாகப் புரூஃப் பார்த்தும் பயனில்லை.

அந்த வேலையை மறுபடி கையிலெடுத்தவரும் பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்தே வந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி இளைஞனாக நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் சேர்ந்தார். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் பார்த்துப் பதிவு செய்தார். 1874-ல் வெள்ளி மறுபடி சூரியனைக் கடக்கப் போவதை மக்களுக்கு விளக்கி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். கண்ணால் பார்த்து ஒத்துக்கொண்ட எண்களை வைத்தே பஞ்சாங்கம் போட வேண்டும் என்று சொல்லி, திருக்கணிதப் பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. கிரகணத்துக்குத் திருக்கணிதம்தான் சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்காக வாக்கியங்களைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது.

இந்த 71 வயதில் அவற்றை மனப்பாடம் செய்கிறேன். அப்பா சின்ன வயதில் கற்றுக்கொடுத்த கிரந்தம் இப்போது கைகொடுக்கிறது. முன்னிரவில் மொட்டைமாடியில் பேத்தி தாளைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவாள். அவள் படிக்க வசதியாகத் தமிழில் எழுதி, க-வுக்குக் கீழே சின்ன எண் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 31 வரை வந்திருக்கிறேன். நேற்று 27-ல் ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். "தாத்தா, இங்க மூணாவது க," என்று நிறுத்தி, பென்சிலால் சுழித்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.