நெல்லைப் பள்ளிக் கணக்கில் ஒரு வெற்றுக் கட்டம்: 1822 அறிக்கையும் தரம்பாலின் வாசிப்பும்

பள்ளிகளையும் மாணவரையும் கணக்கெடுக்கும்படி சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் இட்ட ஆணைக்குத் திருநெல்வேலி ஆட்சியரின் மறுமொழி அக்டோபரிலேயே போய்விட்டது. மதுரைக் கணக்கு 1823 பிப்ரவரியிலும் தஞ்சாவூர்க் கணக்கு ஜூனிலும் திருச்சிராப்பள்ளிக் கணக்கு ஆகஸ்டிலும்தான் சென்றன. இந்த அவசரத்தை மனத்தில் வைத்தே நெல்லையின் எண்களைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வரலாற்றாய்வாளர் தரம்பால் தம் ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ (1983) நூலில் அப்படிப் படிக்கவில்லை. அங்கு அச்சாகியுள்ள பட்டியலில் திருநெல்வேலிக்கு 607 பள்ளிகள். சிறுவர்களில் பிராமணர் 2,016, சூத்திரர் 2,889, ‘பிற சாதியார்’ 3,557, முஸ்லிம்கள் 796. சூத்திரரையும் பிற சாதியாரையும் கூட்டினால் எழுபது விழுக்காட்டை ஒட்டி வருகிறது. ‘பிற சாதியார்’ என்றால் சூத்திரருக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் என்று கொண்டு, நாட்டுப் பள்ளிகள் அனைவருக்கும் திறந்திருந்தன என்ற முடிவுக்குத் தரம்பால் வருகிறார். கல்வி மேல்சாதியாரின் தனிச்சொத்தாக இருந்தது என்ற காலனியக் கதையை உடைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவரை மறுப்பதற்கான சான்றும் அவர் அச்சிட்ட ஆவணங்களிலிருந்தே கிடைக்கிறது.

அந்தச் சான்று, நிரப்பப்படாத ஒரு கட்டம். படிவத்தில் வைசியருக்கென ஒரு பத்தி உண்டு. திருநெல்வேலி வரிசையில் அது வெறுமை. மதுரையிலோ அதே பத்தியில் 1,119 பேர். நெல்லைச் சீமையில் ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளைகூடப் பள்ளிக்குப் போகவில்லையா? நம்ப முடியாது. அவர்கள் வேறொரு பத்திக்குள் போயிருக்கிறார்கள்.

எந்தப் பத்தி? மதுரையில் சூத்திரர் 7,247, பிற சாதியார் 2,977. எல்லை தாண்டி நெல்லைக்கு வந்ததும் விகிதம் தலைகீழாகிறது. வேளாளர், மறவர், இடையர், நாயக்கர், ரெட்டியார் எல்லோரையும் சூத்திரர் பத்தியில் எழுதியிருந்தால் 2,889 என்ற சிறிய எண் வந்திருக்காது. கச்சேரியில் கணக்கெழுதியவர்கள் வேளாளரையும் அவர்களுக்கு இணையாகத் தாங்கள் கருதியவர்களையும் மட்டும் சூத்திரராக்கி, மீதியை எல்லாம் கடைசிப் பத்தியில் தள்ளியிருக்க வேண்டும். அப்படியானால் 3,557 என்பது ஒடுக்கப்பட்டோரின் எண்ணிக்கை ஆகாது. வகைக்குள் அடங்காத மிச்சத்தின் எண்ணிக்கை. அதில் வணிகரும் கம்மாளரும் நாடாரும் கலந்திருக்கலாம். பள்ளரும் பறையரும் எத்தனை பேர் என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

இன்னொன்று. படிவத்தில் கிறித்தவருக்குப் பத்தியே கிடையாது. முத்துக்குளித்துறைப் பரதவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கர். சீர்திருத்தக் கிறித்தவர்களின் முதலூர்க் குடியேற்றம் 1799இல் தொடங்கியது. பாளையங்கோட்டையில் ஹஃப் பாதிரியார் 1816 முதலும் ரேனியஸ் 1820 முதலும் இயங்கினார்கள். இவர்கள் நடத்திய பள்ளிகள் 607க்குள் உண்டா என்பதற்கு நேரடிச் சான்றில்லை. இருந்தாலும் ‘பிற சாதியார்’ பத்தி இங்கு மட்டும் ஏன் இப்படிப் பருத்தது என்று கேட்டால், கிறித்தவப் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு விடை சொல்ல முடியாது என்றே எண்ணுகிறேன்.

அவசரத்துக்கு மற்றொரு தடயமும் உண்டு. தஞ்சாவூர் 109 உயர்கல்விச் சாலைகளைக் காட்டுகிறது. தாமிரபரணிக் கரை நெடுக அக்கிரகாரங்கள் இருந்தும் நெல்லையில் ஒன்றுகூட இல்லை. மதுரையிலும் இல்லை என்பதால் இதை நான் அழுத்திச் சொல்லவில்லை. வீட்டிலேயே நடந்த படிப்பு கணக்கில் வரவில்லை என்று மன்றோவே 1826 குறிப்பில் ஒப்புக்கொள்கிறார்.

திண்ணையில் நடந்த படிப்பைப் பற்றித் தரம்பாலோடு எனக்குப் பிணக்கில்லை. மணலில் எழுத்து, பிறகு ஓலை, எண்சுவடி மனப்பாடம். கோட்டைக் கணக்கில் நெல் அளக்கும் ஊர்களில் முந்திரி, மாகாணி என்ற பின்னங்கள் தெரியாதவனுக்குக் கணக்குப்பிள்ளை வேலை ஏது? மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை எழும்பூர் அநாதை இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் கையாண்டு, 1797இல் நூலாக்கி இங்கிலாந்தில் பரப்பினார். பெல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823இல் அம்முறையைப் பாராட்டினார். பொருள் புரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்று குறையும் சொன்னார். தரம்பால் பாராட்டுக்குத் தந்த எடையைக் குறைக்குத் தரவில்லை.

இந்தக் கணக்கெடுப்பின் தொடர்ச்சியாக மன்றோ திட்டமிட்ட அரசின் தாசில்தார் பள்ளிகள் 1836இல் மூடப்பட்டன. திண்ணைப் பள்ளிகள் மூடப்படவில்லை. தேர்ச்சியைப் பார்த்துப் பணம் தரும் மானிய முறை 1868இல் வந்தபின் அவை சிறிது சிறிதாக அரசுப் பதிவேட்டுக்குள் நுழைந்தன. எந்த ஊரில் எப்போது என்பதற்கு ஒரே ஆண்டை எல்லையாகக் குறிக்க இயலாது.