விபத்தும் வேலை நிலைமையும்

தொழிற்சாலையில் ஒருவனுடைய விரல் பற்சக்கரத்தில் சிக்கி நசுங்கினால், ‘அவனுடைய அஜாக்கிரதையே காரணம்’ என்று கூறி முடித்துவிடுவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் பலர் அவ்வாறே வாதித்தனர். அவ்வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வோம்.

அக்காலத்து நெசவாலைகளில், சுழலும் தண்டுகளிலும் வார்களிலும் ஆடையும் கூந்தலும் சிக்கிப் பலர் உயிரிழந்தனர். ஆகவே, ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு அமைக்க வேண்டும் என 1844-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலை உரிமையாளர்க்குக் கட்டளையிட்டது. காப்பது முதலாளியின் கடமை என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது. ஆயினும், தடுப்பு இருந்த இடங்களிலும் விபத்துகள் நேர்ந்தே வந்தன.

இதன் காரணத்தை முதல் உலகப் போர் வெளிப்படுத்திற்று. போர்த்தளவாடத் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய 1915-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் சார்பில் எச். எம். வெர்னன் என்னும் உடலியல் அறிஞர் விபத்துக் குறிப்புகளைத் தொகுத்து, 1918-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு தொழிற்சாலையில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை நடந்தபோது பெண்களுக்கு நேர்ந்த விபத்துகள், பின்னர் 10 மணி நேர வேலையின்போது நேர்ந்தவற்றைப் போல் இரண்டரை மடங்காக இருந்தன! ஆண்களிடம் இத்துணை வேறுபாடு காணப்படவில்லை. வெப்பநிலையும் ஒரு காரணமே. ஏறக்குறைய 67 டிகிரி பாரன்ஹீட்டில் விபத்துகள் குறைந்திருந்தன. குளிர் மிகுந்தாலும் வெப்பம் மிகுந்தாலும் அவை பெருகின. சோர்ந்த கையும் விறைத்த விரலும் எச்சரிக்கையை மட்டும் நம்பி இயங்க மாட்டா அல்லவா?

விபத்துகள் எல்லோருக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை, சிலருக்கே மிகுதியாக நேர்கின்றன என்று 1919-இல் கிரீன்வுட், வுட்ஸ் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். அதுவும் கருதத்தக்கதே. எனினும், மனிதரின் இயல்பைச் சட்டத்தால் மாற்ற இயலாது. வேலை நேரத்தையும் காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் மாற்ற இயலும்.

சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இவ்வுண்மையை ஏற்றது. இயந்திரத் தடுப்பு, காற்றோட்டம், வெளிச்சம் ஆகியவற்றுடன், வயது வந்தோர்க்கு நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்னும் வரம்பையும் அது விதித்தது.

நாளை பொறியியலாளராகவும் நிர்வாகியாகவும் விளங்கப்போகும் மாணவர்கள், விபத்துச் செய்தி கேட்டதும் தவறு யாருடையது என்று தேடுமுன், காயமுற்றவர் அன்று எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்தார் என்று கேட்பார்களாக.